பவளக்கொடி நிரப்பிய பாரம்

கண்டி மஹியாவையில் குடியிருந்த பவளக்கொடி, எந்தப் பாரத்தை நிரப்பினாலும் சொந்தபந்தம் யார் யார் என்று கேட்ட இடத்தில் ஒரே பதில்தான் எழுதுவாள். யாரும் இல்லை. பொலிசில் இருந்து வீட்டாட்களைப் பதிய வருகிற பாரம், கிராமசேவகர் கொண்டுவருகிற பாரம், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று கொடுத்த பாரம், எல்லாத்திலும் அதேதான். தாய் இருந்தாள், அண்ணன் இருந்தான், அக்கா இருந்தாள். மூன்று பேரும் வன்னியில், கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு காணியில் இருந்தார்கள். அதனால்தான் யாரும் இல்லை.

அவள் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா சடையன், அம்மா ராமாயி. மூத்தது அழகமுத்து, அடுத்தது மருதாயி, கடைக்குட்டி பவளக்கொடி. சடையனோடு கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கச்சி, அன்னலட்சுமி. அவளைக் கண்டி மாநகரசபையில் வேலைபார்த்த ஒருத்தருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் டவுன்காரி ஆகிவிட்டாள். பின்னாளில் அந்த அன்னலட்சுமியின் மகன் வீரய்யாவுக்குத்தான் பவளக்கொடி வாழ்க்கைப்பட்டாள். ஆக, அவளுக்கு அத்தையும் மாமியாரும் ஒரே ஆள்.

ராமாயி பெரிய உடம்புக்காரி. விடிந்தால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவாள், பொழுது சாயத்தான் இறங்குவாள். மத்தியானம் அரை ரொட்டியும் கொஞ்சம் சம்பலும். அவளோடு கொழுந்து எடுத்தவர்கள் எல்லாம் காய்ந்த குச்சி மாதிரி இருக்க, அவள் மட்டும் ஆள் பாதி, அகலம் பாதி. மூத்தவன் அழகமுத்துவும் மருதாயியும் அப்படியே தாயை உரித்து வைத்தவர்கள். பவளக்கொடி சின்னதில் ஒல்லியாகத்தான் இருந்தாள். பிள்ளை பெற்ற பிறகுதான் அவளுக்கும் அந்த உடம்பு வந்தது, யாரோ எடுத்துவைத்திருந்து நேரம் பார்த்துக் கொடுத்த மாதிரி.

எழுபத்தேழாம் வருசம் ஆவணியில், தமிழ்ச் சனத்தை அடித்த கலவரத்தில், தோட்டத்துக்குள் ஆட்கள் புகுந்தார்கள். லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று கீழே கூச்சல் கேட்டதும் சனம் எல்லாம் மேல்மலைக்கு ஓடியது. ராமாயியால் ஏற முடியவில்லை. பாதி மலையில், தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வயசுப் பவளக்கொடி அவள் கையை விடவில்லை.

“ஓடுடி. எனக்கு இதுக்கு மேல ஏலாது.”

“ஒன்னையத் தூக்க நாலு ஆளு வேணும். நான் மட்டும் எங்க ஓட?” என்று மகள் அழுதாள்.

அந்த நேரத்திலும் ராமாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். பந்தம் பிடித்தவர்கள் கானுக்கு மேலே இருந்த பாதையால் போனார்கள். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

எரிந்த லயத்துக்குத் திரும்பிப்போக சடையனுக்கு மனசு வரவில்லை. ஊரோடு சேர்ந்து லொறி பிடித்து, வடக்கே காடு வெட்டிக் காணி பிடிக்கலாம் என்று கிளம்பினார். அன்னலட்சுமி கண்டியிலிருந்து ஓடிவந்து அண்ணன் முன்னால் நின்றாள். “பொட்டப்புள்ளையக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதண்ணே. நாளைக்கு என் வீட்டுக்கு வரவேண்டியவதானே, இன்னைக்கே வரட்டும்” என்றாள். அப்படித்தான் பவளக்கொடி கண்டிக்கு வந்தாள். நாலு வருசத்தில் வீரய்யாவுக்குக் கழுத்தை நீட்டினாள்.

எண்பத்துமூன்றில் டவுனில் கடைகள் எரிந்தபோது பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் இவர்களை மூன்று நாள் தங்கள் அறைக்குள் வைத்துச் சோறு போட்டது. அந்தப் பயத்தைக்கூட அன்னலட்சுமி தாண்டிவிட்டாள். அவளை ஆட்டிவைத்தது அதற்கு இரண்டு வருசம் கழித்து நடந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த செல்லப்பாவின் மகன், வீட்டுக்கு வந்த பாரத்தில் ‘அண்ணன், கிளிநொச்சி’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். புலிகளுக்குத் தொடுப்பு என்று பொலிசில் இருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு மாசம் கழித்து விட்டார்கள். வந்தவன் அதற்குப் பிறகு யாரோடும் வாய் திறந்து பேசவில்லை.

அன்னலட்சுமி அன்றைக்கே மருமகளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

“அண்ணன் இருக்கானா?”

“இருக்கு அத்தை.”

“செருப்பாலயே அடிப்பேன். இருக்கானா?”

“இல்ல.”

“அம்மா?”

“இல்ல அத்தை.”

“அப்ப யாருதான் இருக்கா ஒனக்கு?”

“யாரும் இல்ல.”

“இத நீ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.”

சொல்லச் சொல்ல அது வாயில் பழகிவிட்டது. தாய்வீட்டுக் கதை அந்த வீட்டில் நின்றுபோனது. சடையன் செத்த சேதி ஆறு மாசம் பிந்தி ஒரு சாமியார் கையில் வந்தபோதுகூட, கதவைச் சாத்திக்கொண்டுதான் அத்தையும் மருமகளும் அழுதார்கள். அத்தைக்குச் செத்தது கூடப்பிறந்த அண்ணன். இருந்தும் மூன்றாம் நாள் அன்னலட்சுமி குளித்து முழுகி, சிரித்த முகத்தோடு தண்ணீர்க்குழாயடிக்குப் போனாள்.

சண்டை நின்று பாதை திறந்த காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், பவளக்கொடியும் வீரய்யாவும் ஒரே ஒரு தடவை வன்னிக்குப் போய்வந்தார்கள். மகளை ஹட்டனில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீரய்யாவுக்கு மாநகரசபையில் நாலு நாள் லீவு கிடைத்தது. அன்னலட்சுமி வரவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இருபத்தாறு வருசம் கழித்துத் தாயைப் பார்க்கப் போனவள், பட்டினி கிடந்த ஊர் என்று கேள்விப்பட்டு, எலும்பும் தோலுமாக ஒரு கிழவியைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்றது அதே ராமாயி. முடிதான் வெளுத்திருந்தது. இருந்த நாலு நாளும் பவளக்கொடி கண்ணால் பார்த்தாள்: காலையில் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான் சாப்பாடு. அண்ணன் அழகமுத்துவும் வாசலை அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

“வருசக்கணக்கா அரை வயிறுதான் தங்கச்சி. இந்த ஒடம்பு மட்டும் போவேனாங்குது. நிவாரணம் குடுக்க வந்தவன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘ஐயாவுக்கு எதுக்குக் கோதுமை மா? கடை வச்சிருக்கீங்களா?’ன்னு கேக்குறான். அழுறதா சிரிக்கிறதா?”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மூன்று வருசத்தில் பாதை மறுபடி மூடியது. வன்னிக்குப் போய்வந்தவர்கள் யார் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்த நாலு நாளும் நடக்காத நாட்கள் ஆகிவிட்டன.

அதற்கடுத்த வருசம் பவளக்கொடிக்கு நாற்பத்துநாலு வயசு. நூற்றுப்பதினெட்டுக் கிலோ. சீனி வருத்தத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. முழங்கால் இரண்டும் வீங்கி, இடியப்பம் அவிக்கிற அடுப்படியில் நிற்க முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து பிழிவாள். டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடைக்குத் தினம் விடிய அவள் இடியப்பம்தான் போகும்.

இத்தனையையும் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில். அரிசிமா வாங்கிக்கொண்டு அவள் வந்த பஸ்ஸைச் சோதனைக்கு மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள்; தமிழ்ப்பெயர். பெண்களைச் சோதிக்கிற தகரக் கொட்டிலுக்குள் ஒரு சின்னப் பிள்ளை, சீருடை போட்டவள், பவளக்கொடியின் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

“மே மொனவத?” என்றாள், இதென்ன என்று.

“மகே பட, மிஸ்.” என் வயிறுதான்.

அவள் நம்பவில்லை. பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். சேலையை அவிழ்க்கச் சொன்னார்கள். குண்டு ஒன்றும் கட்டியிருக்கவில்லை, வயிறுதான் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பயம் விட்ட சிரிப்பு. பவளக்கொடிக்கும் அது விளங்கியது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தவள், மறுபடி அதைக் கட்டவில்லை. மூன்றாம் நாள் வீரய்யாவிடம், “ஏங்க, கொழும்புல வயித்தச் சின்னதாக்குற ஒப்பரேசன் இருக்காமே. எனக்கு அத செஞ்சு விடுங்க” என்றாள்.

கொழும்பில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் பரமநாதன் என்பவர் அப்போதுதான் அந்த ஒப்பரேசனைச் செய்யத் தொடங்கியிருந்தார். யாழ்ப்பாணத்து ஆள், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். முதல் நாள் கிளினிக்கில் தராசடியில் நின்ற யாழ்ப்பாணத்துத் தாதி, “பாரம் எவ்வளவு அம்மா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுதாங்க குடுத்தாங்க” என்று பவளக்கொடி கையில் இருந்த தாளை நீட்டினாள்.

தாதி எடையைத்தான் பாரம் என்று கேட்டிருக்கிறாள். மலைநாட்டில் நிரப்புகிற தாளுக்குத்தான் பாரம் என்று பேர். பக்கத்தில் இருந்த அக்குறணைக்காரி றமீஸா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே இருவரும் சினேகிதம் ஆனார்கள். றமீஸாவும் அதே ஒப்பரேசனுக்கு வந்தவள், அதே வயசு, ஏறக்குறைய அதே உடம்பு.

அந்தப் பாரத்தைப் பவளக்கொடி தானே நிரப்பினாள். ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பேர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். அதற்குக் கீழே: தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் யார் யார், அவர்களில் யாருக்காவது பருத்த உடம்பு உண்டா, சீனி வருத்தம் உண்டா. கை தானாக எழுதியது. யாரும் இல்லை. அது உடம்பைப் பற்றிய கேள்வி என்று அவள் யோசிக்கவே இல்லை. பொலிஸ் பாரத்தில் இருந்த அதே கோடு, அதே கட்டம்.

றமீஸா தன் பாரத்தில் தாய், சித்தி, அக்கா என்று இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். “எங்கட உம்மா, உம்மாட தங்கச்சி, எங்கட ராத்தா, எல்லாரும் இப்படித்தான் ஈக்கிற பவளம். ராத்தா போன வருசம் இதே டாக்டர்ட்டதான் வெட்டின. ஆறு மாசத்துல நாப்பது கிலோ போன.”

இரண்டாயிரத்து எட்டு மாசி மாசம் ஒரே கிழமையில் இரண்டு பேருக்கும் ஒப்பரேசன் நடந்தது. இரைப்பையைக் கைமுட்டி அளவுக்குச் சுருக்கி, குடலைச் சுற்றிவிட்டு இணைத்தார்கள். முதலில் தண்ணீர், பிறகு சூப், பிறகு பிசைந்த சோறு, ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் பவளக்கொடிக்கு நெஞ்சை அடைக்கும்.

மூன்றாம் மாசம் நிறுத்துப் பார்த்தார்கள். றமீஸாவுக்கு இருபத்திரண்டு கிலோ குறைந்திருந்தது. பவளக்கொடிக்குப் பன்னிரண்டு. அதோடு தராசு முள் நின்றுபோன மாதிரி நின்றுவிட்டது. ஊசி போடத் தேவையில்லை என்று டாக்டர் நிற்பாட்டியது ஒன்றுதான் ஆறுதல்.

டாக்டர் ஒரு கொப்பி கொடுத்து, வாயில் வைக்கிறது எல்லாத்தையும் எழுதச் சொன்னார். எழுதினாள். அன்னலட்சுமி அந்தக் கொப்பியைப் பார்க்கிறபோதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாள். எழுபது தாண்டியும் அன்னலட்சுமி ஈர்க்குச்சி மாதிரிதான்.

“எழுதுறது ரெண்டு இடியப்பம். திங்கிறது எத்தனையோ. அடுப்படி முழுக்க ஒங் கையிலதானே கெடக்கு.”

“அத்தை, திங்க முடியாது. வயித்துல எடமே இல்ல.”

“எடம் இல்லாத வயிறு ஏன் இன்னும் முன்னுக்கு நிக்குது? எங்க பரம்பரையில இப்படி ஒருத்தி உண்டா?”

ஒரு நாள் மாப் பதம் தப்பி, ஒரு தட்டு இடியப்பம் உடைந்துபோனது. பவளக்கொடி அதைக் கோழிக்குப் போட்டுவிட்டாள். கடைக்காரர் இருபது குறைகிறது என்று ஆள் அனுப்பினார். வீரய்யா சாயந்தரம் வேலைவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “பவளம், பசிச்சா சொல்லிட்டுத் தின்னு. ஒளிச்சு மட்டும் திங்காத” என்றார்.

இருபத்தேழு வருசத்தில் அவர் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. அந்தச் சொல் அடியை விட மோசமாக விழுந்தது. அடுத்த நாள் விடியக்காலையில் இருந்து அவர் தன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் உட்காரத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால், “சும்மாதான், குளிரா இருக்கு” என்பார். அவள் பிழிகிற கையையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

அவளுக்கு உலகத்தில் இருந்தது அவள் வாய்ச்சொல் ஒன்றுதான். அதை இப்போது வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தன் சொல் மெய் என்று காட்ட ஒரே ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியைத்தான் அவள் பாரத்தில் இல்லை என்று எழுதியிருந்தாள். ஆனால் அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

புரட்டாசியில் மறுபடி கிளினிக். வீரய்யாவுக்கு லீவு இல்லை. “நான் வாறேன். நானே டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்றேன்” என்று அன்னலட்சுமி சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரயிலில் மூன்று இடத்தில் சோதனை. வன்னியில் சண்டை நெருங்கிக்கொண்டு வந்த நேரம். பெட்டிக்குள் யாரோ சின்ன ரேடியோவில் செய்தி கேட்டார்கள். கிளிநொச்சி என்ற பேர் திரும்பத் திரும்ப வந்தது. அத்தையும் மருமகளும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கிளினிக் வாசலில் றமீஸாவைப் பவளக்கொடிக்கு அடையாளம் தெரியவில்லை. முப்பத்தெட்டுக் கிலோ இறங்கி, புது அபாயா போட்டு நின்றாள்.

“ஐடெண்டிட்டில ஈக்கிற படத்தப் பாத்துட்டு ஆமிக்காரன், இது ஒங்கட உம்மாவான்னு கேக்குற!” என்று சிரித்தவள், பவளக்கொடியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “ஒங்களுக்கும் இறங்கும் பவளம். அல்லாஹ் பார்த்துக்குவான்” என்று கையைப் பிடித்தாள்.

தராசில் நூற்றுமூன்று. மொத்தமாகப் பதினைந்து கிலோ.

டாக்டர் பரமநாதன் கொப்பியைப் புரட்டினார். “இதிலை எழுதினதுதான் சாப்பாடோ?”

“ஆமாங்க ஐயா.”

“ஐயா, நம்பாதீங்க” என்று அன்னலட்சுமி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். “இவ என் மருமகதான், பெத்த புள்ள மாதிரி வளத்தவ நான். அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஒளிச்சு வச்சுத் திங்கிறா. வீட்டுல மத்தவங்க எல்லாம் எப்படி இருக்கோம், இவ எப்படி இருக்கா பாருங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டிலை ஒண்டு. சாப்பாடு கூட, இல்லாட்டி இரைப்பை விரிஞ்சிட்டுது. குழாய் விட்டுப் பாப்பம். விரிஞ்சிருந்தால் திரும்பவும் வெட்டத்தான் வேணும். மறைக்காமல் சொல்லுறன், ரெண்டாம் முறை முதல் முறை மாதிரி இல்லை. ஆபத்து கூட.” கொஞ்சம் யோசித்து, பாரத்தை எடுத்துப் பார்த்தார். “றமீஸாவும் தமக்கையும் ஒரே அளவிலை இறங்கிச்சினம். தாய்பிள்ளையள், சகோதரங்களிலை நான் இதைக் கனக்கக் காணுறன். உடம்பு எவ்வளவு விட்டுக்குடுக்கும் எண்டதும் பிறப்போடை வாறதோ எண்டு இப்ப தேடிக்கொண்டிருக்கினம். உங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க ஆரும் இல்லை எண்டு எழுதியிருக்கு. அதுதான் எனக்கு வழி தெரியேல்லை.”

பவளக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாளில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். யாரும் இல்லை. தலைகீழாகத் தெரிந்தாலும் அவளால் வாசிக்க முடிந்தது.

“ஐயா, நான் பாரத்துல பொய் எழுதிட்டேன்.”

மேசைக்குக் கீழே அன்னலட்சுமி அவள் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். பவளக்கொடி நிற்பாட்டவில்லை. டாக்டர் அவள் முகத்தையும் கிழவியின் முகத்தையும் பார்த்தார். அறைக்குள் நின்ற தாதியிடம் சிங்களத்தில் ஏதோ ஒரு கட்டுத் தாளை மேல்மாடியிலிருந்து எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்.

“இப்ப சொல்லுங்கோ.”

அவள் சொன்னாள். அரை ரொட்டி தின்று மலை ஏறிய அம்மாவை, கஞ்சி குடித்தும் வாசலை அடைத்துக்கொண்டிருந்த அண்ணனை, அக்காவை. எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். அவர் கேட்கவும் இல்லை.

“நீங்கள் சொல்லுறது மெய்யெண்டால் கதை வேறை” என்றார் டாக்டர். “ஆனால் முதல் ஆரும் இல்லை எண்டியள், இப்ப மூண்டு பேர் எண்டுறியள். நான் எதை நம்பி ஒப்பரேசனை நிப்பாட்டுறது? உங்கடை தாயைக் கண்டு, சாப்பிட்டதையும் கண்டவை வேறை ஆராவது இருக்கினமோ?” அன்னலட்சுமியின் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்கள் இவவின்ரை தாயை அறிவியளோ?”

அன்னலட்சுமி முந்தானை நுனியைச் சுருட்டினாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இவளுக்கு யாரும் இல்லீங்க.”

“அப்ப சரி.” டாக்டர் நாட்காட்டியைப் பார்த்தார். “வாற மாதம் இருபத்துமூண்டாம் திகதி வந்து படுங்கோ, குழாயும் விட்டு, தேவையெண்டால் அப்பிடியே வெட்டுவம்.” எழுதத் தொடங்கினார்.

பவளக்கொடி அழவில்லை. அத்தையைப் பார்க்காமல், மெதுவாக, வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டாள்.

“அந்த வெட்டுல நான் போயிட்டேன்னா, திருட்டுத் தின்னு செத்தான்னுதானே அத்தை சொல்வீங்க?”

டாக்டரின் பேனை நின்றது. அன்னலட்சுமியின் கைகள் சுருட்டிய முந்தானையை விரித்தன, மறுபடி சுருட்டின.

“ஐயா,” என்றாள் கடைசியில், “அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க.”

அவரே எழுந்து போய்ச் சாத்தினார்.

“ராமாயியும் நானும் ஒரே தட்டுல தின்னவங்க. அவ எங்கண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து நான் கல்யாணமாகிப் போற வரைக்கும், நாலு வருசம். ஒரு ரொட்டிதான் ரெண்டு பேருக்கும். அதுலயும் பாதிக்கு மேல எங்கிட்ட தள்ளிருவா. ‘நீ குச்சியா இருக்க, தின்னு’ம்பா. நான் குச்சியாவே இருந்தேன், அவ அப்படியே இருந்தா. ஒளிச்சுத் திங்கிறான்னு அவளக் கொழுந்து மலையில ஏசுனாளுங்க. அவளுங்க முடியப் புடிச்சுச் சண்டை போட்டவ யாரு? நான்தான் ஐயா. நானேதான்.” பவளக்கொடியின் பக்கம் திரும்பினாள். கிள்ளிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். “மறந்து போச்சுடி. பொய் இல்ல. வெளிய சொல்லாம சொல்லாம, எனக்கே மறந்து போச்சு.”

டாக்டர் இருபத்துமூன்றாம் திகதியைக் கோடிழுத்து வெட்டினார்.

“நிச்சயம் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. நாங்களும் படிச்சுக்கொண்டுதான் இருக்கிறம். ஒராள் மட்டும் எண்டால் களவுச் சாப்பாடு எண்டு நினைச்சிருப்பன். ஒரு குடும்பமே எண்டால் அப்பிடி நினைக்க மாட்டன். சில குடும்பத்து உடம்பு கிடைச்சதை இறுக்கிப் பிடிச்சு வைக்கும். கத்தி இரைப்பையைத்தான் சுருக்கும். அந்தப் பிடியை முழுக்க விடப்பண்ணாது. பதினைஞ்சு கிலோ விட்டதே உங்கடை உடம்புக்குப் பெரிய காரியம். ஊசியும் நிண்டிட்டுது. முதல்லை குழாய் மட்டும் விட்டு ஆறுதலாய்ப் பாப்பம். வெட்டு வேண்டாம்.” பிறகு அன்னலட்சுமியிடம், “வீட்டிலை மகனுக்கும் இதை நீங்களே சொல்லவேணும்” என்றார்.

“சொல்றேங்க. அவனுக்கும் தெரியும் ஐயா, அவனும் கண்ணால பாத்தவன்தான். நான்தான் அவன் வாயையும் கட்டிப்போட்டேன்.”

டாக்டர் பழைய பாரத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிசு ஒன்றை எடுத்தார். “இடம் தேவையில்லை. உடம்பு மட்டும் தெரிஞ்சால் எனக்குக் காணும். தாய், ராமாயி. பருத்த உடம்பு. வயசு எழுபது தாண்டியிருக்கும் என்ன? இப்ப இருக்கிறாவோ?”

பவளக்கொடி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கடிதம் நின்று இரண்டு வருசம். ரயிலில் கேட்ட ரேடியோ காதுக்குள் இருந்தது.

“உசுரோட இருக்கான்னு போடுங்க” என்றாள் அன்னலட்சுமி.

அவர் போட்டார்.

“அழகமுத்து போடுங்க, இவளுக்கு அண்ணன். அப்படியே தாயி மாதிரி. மருதாயி போடுங்க. ராமாயியோட அம்மா கருப்பாயி, அவ இந்தியாவுல இருந்து கப்பல்ல வரும்போதே பெரிய உடம்பு. நான் பாத்திருக்கேன், லயத்து வாசல்ல பக்கவாட்டாத்தான் நொழைவா. கருப்பாயி தங்கச்சி வெள்ளையம்மா புசல்லாவைப் பக்கம் போனா, அவ மகன் மாடசாமி...”

தாளில் இடம் முடிந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். மேல்மாடிக்குப் போன தாதி வந்து கதவைத் தட்டி, வெளியே இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்றாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

பவளக்கொடி கதிரையை அத்தையின் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“வெள்ளையம்மாவா? அது யாரு அத்தை? எனக்குத் தெரியாதே.”

“ஒனக்கு எப்படித் தெரியும்? கேளு, சொல்றேன்” என்றாள் அன்னலட்சுமி.